பையனின் கொலஸ்டிராலுக்கு என் கர்ப்பம்தான் காரணமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால். கோபிசெட்டிபாளையம் பக்கம் கிராமம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் 14 வயதுப் பையன். பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில் ரத்தம் எடுத்ததில் மொத்தக் கொலஸ்டிரால் 218, எல்.டி.எல். (‘கெட்ட’ கொலஸ்டிரால்) 148, எச்.டி.எல். (‘நல்ல’ கொலஸ்டிரால்) 38, டிரைகிளிசரைடு (ரத்தத்திலுள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 160 என்று வந்திருக்கிறது. அவன் 36 வாரத்தில் 2.1 கிலோ எடையில் பிறந்தவன். நீங்கள் அப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தீர்கள், ஐந்து மாதம்வரை வாந்தி நிற்கவில்லை, ஏழாம் மாதம் சர்க்கரை இருப்பதாகச் சொன்னார்கள். “வயித்துல இருக்கறப்ப ஒழுங்காத் தின்னிருந்தா இப்பிடி ஆயிருக்குமா” என்று உங்கள் அத்தை கேட்கிறார். கர்ப்பத்தில் ஏற்படும் குறை பதின்ம வயதுக் கொலஸ்டிராலைப் பாதிக்குமா என்று பொதுவாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேட்க நினைத்தது ‘இது என்னால் வந்ததா’ என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கூடவே, மூன்று மாதக் கர்ப்பமாக இருக்கும் தங்கைக்கு என்ன சொல்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

ஈரோடு, கோவை வட்டாரத்தில் பல வருடங்களாகக் குழந்தைகளைப் பார்த்துவரும் மருத்துவன் நான். பையனை நேரில் பார்க்காமல் நோய் இதுதான் என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் உங்கள் முதல் கேள்விக்குப் பார்க்காமலேயே பதில் சொல்லலாம். கர்ப்பகாலத்துக்கும் பிற்காலக் கொலஸ்டிராலுக்கும் தொடர்பு உண்டு, அது கற்பனை இல்லை. ஆனால் அதன் அளவு மிகச் சிறியது. 218 என்ற எண்ணை அதை வைத்து விளக்க முடியாது. உங்கள் கேள்வியில் கர்ப்பத்தைப் பற்றி மூன்று பத்தி எழுதிவிட்டு, கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: வீட்டுக்காரரின் அண்ணன் 44 வயதில் மாரடைப்பில் போய்விட்டார் என்று. என்னைக் கேட்டால் இந்த மொத்தக் கதையில் முக்கியமான வரி அதுதான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில், உங்கள் அத்தை சொல்வதில் ஒரு துளி நியாயம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் என்ற மருத்துவ ஆய்வாளர் 1986-இல் ஒரு விஷயத்தைக் காட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எந்த ஊர்களில் பச்சைக்குழந்தைகள் அதிகம் இறந்தனவோ, அதே ஊர்களில்தான் பல பத்தாண்டு கழித்து மாரடைப்புச் சாவும் அதிகமாக இருந்தது. பிறகு ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் என்ற மாவட்டத்தில், 1911 முதல் செவிலியர்கள் குழந்தைகளின் எடையை எழுதிவைத்த பழைய பதிவேடுகள் அவருக்குக் கிடைத்தன. எடை குறைவாகப் பிறந்து, ஒரு வயதிலும் எடை தேறாமல் இருந்த ஆண்களே பின்னாளில் மாரடைப்பில் அதிகம் இறந்திருந்தார்கள். கருவில் கிடைக்கும் ஊட்டம் ஆயுள் முழுக்க உடம்பின் போக்கைத் தீர்மானிக்கலாம் என்ற கருத்து இப்படித்தான் வலுப்பெற்றது.

கொலஸ்டிராலை நேரடியாகப் பார்த்த ஆய்வும் அவர் குழுவினுடையதே, 1993-இல் வந்தது. ஷெஃபீல்டு நகரில் பிறந்து ஐம்பது வயதைத் தாண்டியவர்களைத் தேடிப் பிடித்து ரத்தம் எடுத்தார்கள். பிறந்தபோது வயிற்றுச் சுற்றளவு குறைவாக இருந்தவர்களுக்கு எல்.டி.எல். கூடுதலாக இருந்தது. காரணமாக அவர்கள் சொன்னது கல்லீரலை. கருவுக்கு ஊட்டம் போதாதபோது ரத்தம் மூளைக்கு முன்னுரிமையாகப் போகிறது, வயிற்றுப் பகுதி உறுப்புகளுக்குக் குறைகிறது. ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை அப்புறப்படுத்தும் பெரிய வேலை கல்லீரலுடையது. அது சிறுத்துப் பிறந்தால் அந்த வேலை காலமெல்லாம் கொஞ்சம் மந்தமாக நடக்கலாம் என்பது வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நிரூபணமானதா என்றால், மனிதர்களில் முழுமையாக இல்லை.

பஞ்சம் பற்றிய ஆய்வுகளையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘சரியாகச் சாப்பிடவில்லை’ என்ற குற்றச்சாட்டுக்கு அவைதான் நேரடிச் சாட்சி. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் உணவு வரத்தைத் தடுத்ததால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் கடும் பஞ்சம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 முதல் 800 கலோரிதான் ரேஷன். அந்த மாதங்களில் கருவின் தொடக்கக் கட்டத்தில் இருந்தவர்களுக்கு ஐம்பது வயதில் எல்.டி.எல்.-எச்.டி.எல். விகிதம் மோசமாக இருந்தது. இத்தனைக்கும் அவர்கள் பிறந்த எடை சாதாரணமாகவே இருந்தது. ஆனால் அதே போரில் ஜெர்மானியர் சூழ்ந்துகொண்டு பட்டினி போட்ட ரஷ்ய நகரமான லெனின்கிராடின் முற்றுகையின்போது கருவில் இருந்தவர்களைப் பரிசோதித்த ஆய்வில் அப்படி எந்த வேறுபாடும் தெரியவில்லை. நெதர்லாந்தில் பஞ்சம் சில மாதத்தில் முடிந்து குழந்தைகளுக்கு நல்ல சாப்பாடு கிடைத்தது. லெனின்கிராட்டில் பிறந்த பிறகும் பற்றாக்குறை நீடித்தது. கருவில் குறைவு, பிறந்த பிறகு மிகுதி என்ற பொருத்தமின்மைதான் சிக்கலோ என்று பலர் நினைப்பது இதனால்தான். இதில் உங்களுக்கான செய்தி வேறு. 400 கலோரிப் பஞ்சத்தில்கூட முடிவு இரண்டு பக்கமும் இழுக்கிறது என்றால், ஐந்து மாத வாந்தியைப் பிடித்துக்கொண்டு ஒரு தாயைக் குற்றம் சொல்ல அறிவியலில் இடமில்லை.

சரி, அளவு எவ்வளவு? 2004-இல் எழுபதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். பிறந்த எடை ஒரு கிலோ குறைந்தால் பிற்காலத்தில் மொத்தக் கொலஸ்டிரால் டெசிலிட்டருக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம் கூடுகிறது, அவ்வளவுதான். அதிலும் பெரிய ஆய்வுகளில் தொடர்பு இன்னும் மெலிந்து தெரிந்தது, சிறிய ஆய்வுகளே அதை ஊதிக் காட்டின. இதை உங்கள் பையனுக்குப் போட்டுப் பாருங்கள். நம் ஊர்க் குழந்தைகளின் சராசரி எடையை 2.8 கிலோ என்று வைத்தால் அவன் 700 கிராம் குறைவு. அதற்குரிய பங்கு ஒரு மில்லிகிராம் சொச்சம். அவன் வயதுக்கு 170-க்குள் இருக்க வேண்டியது 218 இருக்கிறது. மீதி 47-க்கு வேறு எங்கோ கணக்குத் தேட வேண்டும்.

அந்த ஒரு மில்லிகிராமிலும் கர்ப்பப்பைக்கு எவ்வளவு, பரம்பரைக்கு எவ்வளவு என்ற கேள்வி இருக்கிறது. இதற்கு எனக்குப் பிடித்த ஆய்வு நெதர்லாந்தில் பதின்ம வயது இரட்டையரிடம் செய்தது, 2001-இல் வெளியானது. இரட்டையர் இருவரும் ஒரே வயிற்றில் வளர்ந்தவர்கள், ஆனாலும் ஒருவர் எடை குறைவாகப் பிறப்பதுண்டு. தனித்தனிக் கருமுட்டையிலிருந்து வந்த இரட்டையரில், எடை குறைந்து பிறந்தவருக்கு எல்.டி.எல். கூடுதலாக இருந்தது. ஒரே கருமுட்டையிலிருந்து வந்த, மரபணு முழுக்க ஒத்த இரட்டையரில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. அதாவது எல்.டி.எல். விஷயத்தில் ‘எடை குறைவு’ என்று நாம் பார்த்தது பெருமளவு மரபணுவின் வேலை. எச்.டி.எல்.லுக்கு மட்டும், கர்ப்பப்பையில் நடந்ததற்கும் பங்கு இருக்கலாம் என்று அந்த ஆய்வு சொன்னது. சிறிய ஆய்வுதான், ஆனால் கேள்வியைச் சரியான இடத்தில் வெட்டிப் பார்த்த ஆய்வு.

எச்.டி.எல். என்றதும் புகையைச் சொல்லாமல் விட முடியாது. சிட்னியில் எட்டு வயதுக் குழந்தைகளைப் பார்த்ததில், கர்ப்பத்தின்போது தாய் புகைத்திருந்த குழந்தைகளுக்கு எச்.டி.எல். சுமார் 6 மில்லிகிராம் குறைவாக இருந்தது. எடை வித்தியாசத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய அளவு. நம் பக்கம் கர்ப்பிணிகள் புகைப்பது அரிது, வீட்டில் ஆண்கள் பீடி, சிகரெட் பிடிப்பது அரிதில்லை. அடுத்தவர் விடும் புகைக்கும் இதே அளவு பாதிப்பு உண்டென்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கர்ப்பத்தில் நீங்கள் சாப்பிட்டதை மட்டும் கணக்கெடுத்து, வீட்டில் யார் புகைத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

கர்ப்பகாலத்தில் தாய்க்கே கொலஸ்டிரால் அதிகமாக இருந்தால் என்ன ஆகும் என்று இன்னொருவர் உங்கள் கேள்விக்குக் கீழே கேட்டிருந்தார். கர்ப்பத்தில் எல்லாப் பெண்களுக்கும் கொலஸ்டிரால் கால் பங்கு முதல் பாதி வரை ஏறும், டிரைகிளிசரைடு இரண்டு மூன்று மடங்குகூட ஆகும். அது இயற்கையின் ஏற்பாடு, பயப்பட வேண்டியதில்லை. இயல்பை மீறி அதிகமாக இருந்தால் என்ன என்பதை இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர ஆய்வாளர்கள் 1990-களில் பார்த்தார்கள். விபத்திலும் பிற காரணங்களாலும் இறந்த குழந்தைகளின் ரத்தக்குழாய்களைச் சோதித்ததில், கர்ப்பத்தில் கொலஸ்டிரால் மிகுந்திருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்குக் கொழுப்புக் கோடுகள் (ரத்தக்குழாய்ச் சுவரில் முதலில் படியும் கொழுப்பு) வேகமாகப் பரவியிருந்தன. இதில் விசேஷம், அந்தப் பிள்ளைகளின் சொந்தக் கொலஸ்டிரால் அளவு சாதாரணமாகவே இருந்தது. ஆக, கருவில் ஏதோ பதிந்தாலும் அது ரத்தப் பரிசோதனை எண்ணில் தெரிய வேண்டும் என்பதில்லை. உங்கள் பையனின் எண்ணை விளக்க இந்த ஆய்வும் உதவாது.

உங்களுக்கு இருந்த கர்ப்பகாலச் சர்க்கரை மட்டும் எனக்கு வேறு விதத்தில் முக்கியமாகப் படுகிறது. தாய்க்குச் சர்க்கரை இருந்த பிள்ளைகளுக்கு உடல் பருமனும் இன்சுலின் சரியாக வேலை செய்யாத தன்மையும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதில் இப்போது பெரிதாகச் சந்தேகமில்லை. மைசூரில் தாய்-சேய் ஜோடிகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்விலும் இது தெரிந்தது. கொலஸ்டிராலைப் பொறுத்தவரை ஒரு ஆய்வு உண்டு என்கிறது, ஒன்று இல்லை என்கிறது. ஆனால் இன்சுலின் சிக்கல் வந்தால் டிரைகிளிசரைடு ஏறும், எச்.டி.எல். இறங்கும். உங்கள் பையனின் 160-உம் 38-உம் அந்த வகைதான். புனேயில் யாஜ்னிக் குழுவினர் சொன்னதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். நம் நாட்டுக் குழந்தை இங்கிலாந்துக் குழந்தையைவிட முக்கால் கிலோ குறைவாகப் பிறந்தாலும், குறைவது தசையும் வயிற்று உறுப்புகளும்தான். கொழுப்பு அந்த அளவுக்குக் குறைவதில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. டெல்லியில் பிறந்தது முதல் முப்பது வயது வரை பின்தொடர்ந்த ஆய்வில், இரண்டு வயதில் ஒல்லியாக இருந்து, அதன்பின் மற்ற பிள்ளைகளைவிட வேகமாக எடை கூடியவர்களுக்கே சர்க்கரைக் கோளாறு அதிகம் வந்தது. உங்கள் பையன் ஆறாவது வரை எலும்பும் தோலுமாக இருந்து கொரோனா விடுமுறைக்குப் பிறகு ஒரேயடியாகக் குண்டானான் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பாதையைத்தான் நான் கவலையோடு பார்ப்பேன். பிறந்த எடையைவிட, அதற்குப் பிறகு எடை ஏறிய வேகம்தான் கையில் பிடிக்கக்கூடிய விஷயம்.

தாய்ப்பால் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஆறு மாதத்தில் பால் வற்றியதையும் ஒரு குற்றமாக எழுதியிருக்கிறீர்கள். தாய்ப்பால் குடித்தவர்களுக்குப் பெரியவர்களானதும் கொலஸ்டிரால் சிறிதளவு குறைவு என்று சில தொகுப்புகள் சொல்கின்றன, சிறுவயதிலும் பதின்ம வயதிலும் வேறுபாடு தெரியவில்லை. பெலாரஸில் ஆயிரக்கணக்கான தாய்மாரை வைத்துச் செய்த பெரிய ஆய்வில் பிள்ளைகளைப் பதினொன்றரை வயதில் பார்த்தபோதும் இதய நோய் சார்ந்த ரத்த அளவுகளில் பலன் ஒன்றும் தெரியவில்லை. தாய்ப்பாலுக்கு வேறு நூறு நன்மை இருக்கிறது. கொலஸ்டிரால் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம்.

இப்போது அந்த ரிப்போர்ட். முகாமில் காலை பதினொரு மணிக்கு, இட்லியும் டீயும் சாப்பிட்ட பிறகு எடுத்திருக்கிறார்கள். சாப்பிட்ட பிறகு டிரைகிளிசரைடு ஏறும், அதனால் 160 என்பதை நான் அப்படியே நம்ப மாட்டேன். அவன் வயதுக்கு வெறும் வயிற்றில் 90-க்குள் இருப்பது நல்லது, 130-ஐத் தொட்டால் அதிகம். பல ஆய்வகங்கள் எல்.டி.எல்.லைத் தனியாக அளப்பதில்லை, மற்ற மூன்றிலிருந்து கணக்குப் போட்டு எழுதுகின்றன. 218-இல் 38-ஐயும், 160-இல் ஐந்தில் ஒரு பங்கான 32-ஐயும் கழித்தால் சரியாக 148 வருகிறது, பாருங்கள். டிரைகிளிசரைடு சாப்பாட்டால் ஏறியிருந்தால் எல்.டி.எல். உண்மையைவிடக் குறைவாகக் காட்டியிருக்கும். சாப்பாட்டால் அதிகம் மாறாத எண் ஒன்று உண்டு: மொத்தத்தில் எச்.டி.எல்.லைக் கழித்தால் வருவது. அவனுக்கு 180. 145-ஐத் தொட்டாலே அதிகம் என்போம். ஆக, முகாம் ரிப்போர்ட் என்று தள்ளிவிட முடியாது.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. பிறக்கும்போது தொப்புள்கொடி ரத்தத்தில் மொத்தக் கொலஸ்டிரால் 70 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். இரண்டு வயதுக்குள் வேகமாக ஏறி, ஒன்பது, பத்து வயதில் ஒரு உச்சத்தைத் தொடும். பருவமடையும் வருடங்களில் எல்.டி.எல். பத்து முதல் இருபது சதவீதம் தானாக இறங்கும், பதினேழுக்கு மேல் மறுபடி ஏறும். அதனால்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் பரிசோதிப்பதானால் 9 முதல் 11 வயதுக்குள், அப்புறம் 17-க்கு மேல் என்று அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. உங்கள் பையன் நடுவில், இறங்கும் காலத்தில் இருக்கிறான். இறங்கியே 148 என்றால், பத்து வயதில் இன்னும் கூடுதலாக இருந்திருக்கலாம்.

அதனால்தான் 44 வயதில் இறந்த பெரியப்பாவை என் கண் தேடுகிறது. ஆண்களுக்கு 55 வயதுக்கு முன், பெண்களுக்கு 65 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் அந்தக் குடும்பத்தில் கொலஸ்டிரால் மரபணுக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கல்லீரல் செல்களின் மேல், எல்.டி.எல்.லை ரத்தத்திலிருந்து பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் உண்டு. அதைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஏற்பிக்கான மரபணுவில் ஒரு பிரதி பழுதாகப் பிறப்பவர்கள் ஏறத்தாழ 250 பேருக்கு ஒருவர். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர ஐம்பது சதவீத வாய்ப்பு. தாய் கர்ப்பத்தில் என்ன தின்றாள், என்ன தின்னவில்லை என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

நீங்கள் அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் மாமியார் உங்கள் அப்பாவின் கூடப்பிறந்தவர். இறந்தவர் அவருடைய மூத்த மகன். பழுது மாமியார் வழியாக வந்ததா, மாமனார் வழியாக வந்ததா, அல்லது அப்படி ஒன்று இல்லவே இல்லையா என்பது இப்போது யாருக்கும் தெரியாது. மாமியார் வழியாக இருந்தால் உங்கள் அப்பாவுக்கும், உங்களுக்கும், உங்கள் தங்கைக்கும்கூட இருக்கலாம். இரண்டு பக்கமும் சேர்ந்து இரண்டு பிரதியும் பழுதானால் எல்.டி.எல். 400-ஐத் தாண்டி, சிறுவயதிலேயே முழங்கை, முட்டி, குதிகாலில் மஞ்சள் கட்டிகள் தெரியும். சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் அதை அபூர்வமாகப் பார்க்கிறோம். உங்கள் பையனுக்கு அது இல்லை, 148 என்ற எண்ணே சொல்கிறது. ஒரு பிரதிப் பழுதா என்பதை மட்டும் பார்க்க வேண்டும். குடும்ப வரலாறு இருந்து எல்.டி.எல். 160-ஐத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். அவன் அதற்குச் சற்றுக் கீழே, பருவ வயதில், சாப்பிட்ட பிறகு எடுத்த ரத்தத்தில் இருக்கிறான். இருக்கு என்றும் சொல்ல மாட்டேன், இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

ஆகவே அடுத்த வேலை இது. இரண்டு வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் பையனுக்கு வெறும் வயிற்றில் மறுபடி எடுங்கள், இரண்டு முடிவின் சராசரியை வைத்துத்தான் மருத்துவர் முடிவெடுப்பார். அதே ரத்தத்தில் தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை அளவு, கல்லீரல் நொதிகள், கூடவே சிறுநீரில் புரதம். தைராய்டு குறைந்தாலும் சிறுநீரகத்தில் புரதம் ஒழுகினாலும் கொலஸ்டிரால் ஏறும், அவை மருந்தில் சரியாகக்கூடியவை. ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். மாதம் முந்திப் பிறந்தவர்களுக்கு அது சற்றுக் கூடுவதைப் பல ஆய்வுகள் ஒரே குரலில் சொல்கின்றன. அதே நாள் காலையில் வீட்டுக்காரரும் நீங்களும் கொலஸ்டிரால் பாருங்கள். அவருக்கு எல்.டி.எல். 190-க்கு மேல் வந்தால் கதை பாதி தெளிந்துவிடும், அவருக்கும் வைத்தியம் உடனே தேவைப்படும். உங்கள் அத்தைக்கும், அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும், இறந்தவருடைய பிள்ளைகளுக்கும் பார்ப்பது நல்லது. இறந்தவரின் பிள்ளைகளை யாரும் நினைப்பதில்லை, முதலில் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

மாத்திரை உடனே வேண்டுமா என்றால், இந்த அளவுக்கு வேண்டாம். ஆறு மாதம் சாப்பாடும் ஓட்டமும் மாற்றிப் பார்த்த பிறகும் எல்.டி.எல். 190-க்கு மேலோ, குடும்ப வரலாறோடு 160-க்கு மேலோ நின்றால்தான் இந்த வயதில் மாத்திரையைப் பற்றிப் பேசுவோம். சாப்பாட்டில் நம்மவர்கள் தப்பான ஆளைப் பிடிக்கிறார்கள். கொலஸ்டிரால் என்றதும் முட்டையை நிறுத்திவிடுவார்கள். சத்துணவில் கொடுக்கும் முட்டையை அவன் தாராளமாகச் சாப்பிடட்டும். மரபணுப் பழுது உறுதியானால் மட்டும் மஞ்சள் கருவின் எண்ணிக்கையைப் பேசலாம். உணவிலுள்ள கொலஸ்டிராலைவிட உறைகொழுப்பு (நிறைவுற்ற கொழுப்பு) தான் எல்.டி.எல்.லை ஏற்றுவது. ரேஷன் பாமாயிலில் பாதி உறைகொழுப்பு, தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு. கடலை எண்ணெய், நல்லெண்ணெயில் அது குறைவு. சட்னிக்கு அரைக்கும் ஒரு கைத் தேங்காய் இருந்துவிட்டுப் போகட்டும். டியூஷன் முடிந்து வரும்போது பேக்கரியில் பப்ஸ், தேங்காய் பன், ரோஸ்மில்க் என்று தினமும் நடப்பதைத்தான் நிறுத்த வேண்டும். டிரைகிளிசரைடை ஏற்றுவது அந்தச் சர்க்கரையும் மைதாவும்தான். ‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று ஊரில் சொல்வார்கள். கடைந்த கொள்ளு நல்ல சாப்பாடு, நார்ச்சத்தும் புரதமும் உண்டு, வாரத்தில் நாலு நாள் செய்யுங்கள். மருந்து என்று நம்பி வைத்தியத்தைத் தள்ளிப்போட வேண்டாம். தினம் ஒரு மணி நேரம் வேர்க்க விளையாடினால் எச்.டி.எல்.லும் டிரைகிளிசரைடும் சில மாதத்திலேயே திருந்தும். எல்.டி.எல். சாப்பாட்டால் பத்து சதவீதம் இறங்கினாலே நல்ல பலன், மரபணுக் கோளாறு இருந்தால் அதற்கு மேல் இறங்காது. அப்போது பையனைத் திட்டிப் பயனில்லை.

தங்கைக்கு. கர்ப்பத்தில் கொலஸ்டிரால் பரிசோதனை தேவையில்லை, ஏறித்தான் இருக்கும், பார்த்துப் பயந்ததுதான் மிச்சம். ஏற்கெனவே கொலஸ்டிரால் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மட்டும் உடனே மருத்துவரிடம் சொல்லட்டும், பெரும்பாலும் நிறுத்தச் சொல்வார்கள். சர்க்கரைப் பரிசோதனையை விடவே கூடாது. அக்காவான உங்களுக்கு இருந்ததால் அவளுக்கு வாய்ப்பு கூடுதல். சென்னையில் மருத்துவர் சேஷய்யா பரப்பிய முறைதான் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருக்கிறது: 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் 140-க்குள் இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இப்போது ஒருமுறை, ஆறாம் மாதத்தை ஒட்டி மறுபடி ஒருமுறை. ‘குழந்தை பெருத்துட்டா சுகப்பிரசவம் ஆகாது’ என்று கடைசி மாதங்களில் சாப்பாட்டைக் குறைக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது, அதற்கு உடன்பட வேண்டாம். இரண்டு ஆளுக்குச் சாப்பிடு என்ற எதிர்ப்பக்கக் கட்டாயமும் வேண்டாம். சைவமாக இருந்தால் வைட்டமின் பி12 அளவைக் கேட்டுப் பார்த்துக்கொள்ளட்டும். புனே ஆய்வில் பி12 குறைந்து போலிக் அமிலம் மிகுந்திருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலின் சரியாக வேலை செய்யாத தன்மை, அதிகமாக இருந்தது. அதற்காகப் போலிக் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, பி12-ஐச் சரிசெய்ய வேண்டும். வீட்டுக்குள் யாரும் புகைக்கக் கூடாது. குழந்தை சின்னதாகப் பிறந்தால் டப்பா மாவும் சர்க்கரையும் கொட்டிக் கொழுக்க வைக்காமல், தடுப்பூசி அட்டையில் இருக்கும் எடைக்கோட்டைப் பார்த்து வளர்க்கட்டும். உங்கள் வீட்டுக்காரருடைய முடிவும் உங்களுடையதும் வந்தபின், தங்கையும் பிரசவமாகி மூன்று மாதம் கழித்து ஒருமுறை கொலஸ்டிரால் பார்த்துக்கொண்டால் போதும்.

முடிவுகள் வந்ததும், மருத்துவரிடம் போகும்போது பையனின் பழைய எடைக் குறிப்புகள் எது கிடைத்தாலும் எடுத்துப் போங்கள், பள்ளி ஹெல்த் கார்டு இருந்தாலும் சரி. பெரியப்பா இறந்த வயதை ரிப்போர்ட்டின் மேலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள், கூட்டத்தில் சொல்ல மறந்துபோகும்.